மண் பாதைக்கு ஏற்ற மவுண்டன் பைக்: பார்த்து வாங்குவது எப்படி?

என்னுடைய முதல் மவுண்டன் பைக்கின் பின் அச்சு, வாங்கிய மூன்றாவது மாதமே கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் வளைந்துபோனது. முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர், தடித்த டயர் என்று பார்க்க வாட்டசாட்டமாக இருந்த வண்டி அது. பஸ் போகும் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஊருக்கு வந்ததும் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோதுதான், அச்சு ஏன் வளைந்தது, புது அச்சு போட்டாலும் ஏன் மறுபடி வளையும் என்பது புரிந்தது. வாங்குகிற அன்றைக்கு ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கே குனிந்து எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பந்தயக்காரர்களுக்கான குறிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது கிலோமீட்டர் மண் பாதையில் சுற்ற வேண்டும், எப்போதாவது மலைக்குப் போக வேண்டும், நடுவில் தார் ரோட்டிலும் சிரமமில்லாமல் ஓட வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே வண்டிதான் என்று நினைப்பவர்களுக்காக எழுதுவது. நான் பின்பற்றும் கணக்கு ஒன்றுதான். பின்னால் மாற்றப் போனால் பாதி வண்டி விலையைக் கேட்கும் பாகங்களுக்கு இன்றைக்கே காசு கொடுங்கள். பிரேமும் அதன் அளவும், பின் சக்கர ஹப்பும் (அச்சு நுழைகிற நடுப்பகுதி), முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நுழைகிற கழுத்துக் குழாயும் அந்த வகை. சீட், பெடல், கைப்பிடி, டயர் இவற்றையெல்லாம் ஒவ்வொரு மாதமாக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள்?

விளம்பரப் படங்களில் வரும் பாதைகள் நம்மிடம் அதிகம் கிடையாது. நமக்குக் கிடைப்பது கண்மாய்க் கரை, வாய்க்கால் கரை, தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, சரளை கொட்டிய ஊராட்சி ரோடு, மலையில் தேயிலை, காப்பித் தோட்டப் பாதைகள். ஒரு தாளை எடுத்து, போன மாதம் போயிருக்கக்கூடிய நான்கு இடங்களை எழுதுங்கள். அங்கே இருப்பது செம்மண்ணா, கரிசலா, மணலா, கல்லா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கரிசல் மண்காரர்களுக்கு மழைக்காலம்தான் சோதனை. ஈரக் கரிசல் டயரில் அப்பை அப்பையாக ஒட்டி, பிரேமுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தைச் சுழல விடாமல் நிறுத்திவிடும். அவர்கள் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்: டயரின் இரு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்ட நினைப்பவர்களுக்கு, டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. சரளையும் வண்டிப்பாதையும் மட்டும்தான் என்றால் நடுத்தரமான எந்த வண்டியும் போதும். காசை மிச்சம் பிடித்து நல்ல ஹெல்மெட் வாங்கிக்கொள்ளலாம்.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். காப்புக்காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளில் நுழைவதும் குற்றம்தான். ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை ஆகிய ஐந்தும் புலிகள் காப்பகங்கள். சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள், வளைவில் நிற்கும் யானைக்குத் திடீரென்றுதான் கண்ணில் படும். தோட்டப் பாதைகளும் தனியார் நிலம். காவலாளியிடமோ அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் விடுகிறார்கள்.

இரண்டாவது படி: பின்னால் ஸ்பிரிங் வேண்டுமா?

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் ஹார்ட்டெயில், இரண்டு பக்கமும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி அற்புதமான சாதனம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தியாவில் அதற்குப் பெரும்பாலும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதன் பின் ஷாக்கையும் இணைப்பு பேரிங்குகளையும் வருடா வருடம் கழற்றிப் பார்க்கவும் வேண்டும். 15,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘டபுள் சஸ்பென்ஷன்’ பெயரளவில்தான் அந்த வகை. அதில் இருப்பது எண்ணெயால் தணிக்கப்படாத வெறும் ஸ்பிரிங். மேட்டில் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கும். எடையும் 17, 18 கிலோவைத் தொடும்.

ஓய்வு நேர ஓட்டத்துக்கு என் பரிந்துரை, அலுமினிய பிரேம் போட்ட ஹார்ட்டெயில். 13 முதல் 15 கிலோவுக்குள் இருக்கும், பழுது குறைவு, தெருமுனைக் கடையிலேயே பல வேலைகள் முடிந்துவிடும். குழியில் எப்போது முழங்காலை மடக்கி உடம்பைத் தளர்த்த வேண்டும் என்பதையும் அதுவே கற்றுக்கொடுக்கும்.

ஹார்ட்டெயிலுக்குள்ளும் இரண்டு குணம் உண்டு. கழுத்துக் குழாய் தரையோடு உண்டாக்கும் கோணம் 69, 70 டிகிரி என்றால் அது வேகமாக ஏறுவதற்கும் சுறுசுறுப்பாகத் திரும்புவதற்கும் செய்தது. 65 டிகிரிக்குப் பக்கம் என்றால் செங்குத்தான இறக்கத்துக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்றால் 66 முதல் 68. இந்த எண் எல்லா நல்ல கம்பெனிகளின் இணையதளத்திலும் அளவு அட்டவணையில் இருக்கும். கடையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது படி: உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவு

வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது. ‘உங்க சைஸ் இப்ப ஸ்டாக் இல்ல சார், சீட்டை இறக்கிக்கலாம்’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சீட்டை ஏற்றி இறக்கலாம். பிரேமின் நீளத்தை என்ன செய்ய முடியும்?

பொதுவாக 160 முதல் 168 செ.மீ. உயரக்காரர்களுக்கு எஸ், 168 முதல் 178 வரை எம், அதற்கு மேல் எல் என்று வரும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எழுத்தை நம்பாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் வண்டியின் இருபுறமும் காலை ஊன்றி நில்லுங்கள். மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நான்கு விரலாவது இடைவெளி வேண்டும். மண் பாதையில் சறுக்கி அவசரமாகக் கால் ஊன்றும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். அடுத்து சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. அந்த நிலையில் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் வண்டி பெரிது. கடைசியாகப் பெடலில் நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள். இறக்கத்தில் நாம் எப்போதும் நின்றுதான் ஓட்டுவோம். நிற்கும்போது இடமில்லாமல் நெருக்கினால் வண்டி சிறிது.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், வளைந்து நெளிந்த ஒற்றையடிப் பாதை பிடித்தவர்கள் சிறியதையும், நீளமாகப் போகிறவர்கள் பெரியதையும் எடுக்கலாம்.

நான்காவது படி: சக்கரம்

26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று அளவு உண்டு. 26 இப்போது மலிவு வண்டிகளிலும் சிறுவர் வண்டிகளிலும்தான் மிச்சம். நல்ல டயரும் ஃபோர்க்கும் இனி அதற்குக் கிடைப்பது கஷ்டம். பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருண்டு கடக்கும், வேகம் பிடித்தால் விடாது. அதனால் 165 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களுக்கு 29, அதற்குக் கீழே 27.5. சில கம்பெனிகள் சிறிய பிரேமுக்குத் தாமாகவே 27.5 போட்டுத் தருகின்றன. அது நல்ல ஏற்பாடு. ரிம் இரட்டைச் சுவர் கொண்டதா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒற்றைச் சுவர் ரிம் ஒரு கல்லில் அடித்தால் போதும், கோணிவிடும்.

ஐந்தாவது படி: கியரும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹப்பும்

என் அச்சு வளைந்த கதை இங்கேதான் வருகிறது. பின் பல்சக்கரங்கள் இரண்டு விதமாகப் பொருத்தப்படும். ஃப்ரீவீல் என்பது ஹப்பின் மேல் மரையில் திருகி மாட்டுவது. கேசட் என்பது ஃப்ரீஹப் என்ற உருளையின் மேல் நழுவிப் பொருந்துவது. ஃப்ரீவீல் முறையில் வலது பக்க பேரிங் ஹப்புக்கு நடுப்பக்கமாகத் தள்ளி இருக்கும். பல்சக்கரங்கள் இருக்கும் பகுதி முழுக்க அச்சு ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். 70 கிலோ ஆள் ஒரு திட்டிலிருந்து இறங்கினால் அந்த நீட்சிதான் வளையும். கேசட் முறையில் பேரிங் பிரேமின் ஓரத்துக்கே வந்துவிடுவதால் அந்தப் பிரச்சினை இல்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது ஃப்ரீவீலா, கேசட்டா?’ என்பதுதான். பின்னால் ஏழு பல்சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். எட்டில் இரண்டும் வரும், ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் ஏறக்குறைய எல்லாமே கேசட். அத்துடன், வண்டியின் பின்னால் 12 மி.மீ. தடிமனுள்ள த்ரூ ஆக்ஸில் (ஹப்பின் ஊடே நுழைந்து பிரேமிலேயே திருகப்படும் அச்சு) இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படி மேலே வைக்கலாம்.

கியர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21 என்பது சட்டையில் எத்தனை பட்டன் என்று எண்ணுவது போலத்தான். பார்க்க வேண்டியது மிக இலகுவான கியர். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரியதன் பற்களால் வகுங்கள். முன்னால் 24, பின்னால் 28 என்றால் 0.86. மலைத் தோட்டப் பாதைகளில் அது போதாது, இறங்கித் தள்ள வேண்டிவரும். முன்னால் 30, பின்னால் 46 என்றால் 0.65. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். 0.7க்குக் கீழே இருந்தால் வாங்கலாம் என்பது என் எல்லைக்கோடு. சமவெளியிலேயே ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 முதல் 12 வரை என்ற அமைப்பு இப்போது பரவலாகிவிட்டது. இடது கை கியர் லீவரே இல்லை, செயின் கழன்று விழுவதும் குறைவு. ஷிமானோவின் டியோர் வரிசையில் 12 பல்சக்கரக் கேசட் 10 முதல் 51 பற்கள் வரை விரிகிறது. அவ்வளவு செலவு செய்ய முடியாவிட்டால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் போன்ற 10 வேக அமைப்பே தாராளம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்பது என்ற பழைய வகையும் மோசமில்லை, உதிரிபாகம் சிறிய ஊர்களிலும் கிடைக்கும். குழி மேட்டில் குலுங்கும்போது செயின் பிரேமில் பலமாக அடித்துச் சத்தம் போட்டால், பின் டீரெயிலரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். அதை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாவது படி: முன் ஃபோர்க்

ஓய்வு நேர ஓட்டத்துக்கு 100 முதல் 130 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க் போதும். உள்ளே ஸ்பிரிங்கா காற்றா என்பதுதான் உண்மையான கேள்வி. ஸ்பிரிங் ஃபோர்க் ஏதோ ஒரு சராசரி எடையை நினைத்துச் செய்தது. 55 கிலோ ஆளுக்கு அது அமுங்கவே அமுங்காது, 90 கிலோ ஆளுக்கு அடிவரைக்கும் போய் இடிக்கும். காற்று ஃபோர்க்கில் அதற்கென்றே உள்ள ஷாக் பம்பை வைத்து உங்கள் எடைக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நீங்கள் வண்டியில் ஏறி நிற்கும்போது அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை அமுங்க வேண்டும். 120 மி.மீ. ஃபோர்க் என்றால் 24 முதல் 30 மி.மீ. அதன் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை வைத்து ஸ்கேலால் அளந்துவிடலாம்.

பட்ஜெட் இடிக்கிறதா? ஸ்பிரிங் ஃபோர்க்கோடு வாங்கி இரண்டு வருடம் கழித்து மாற்றலாம். அதற்குக் கழுத்துக் குழாய் மேலே குறுகிக் கீழே அகன்ற வகையாக இருக்க வேண்டும். இன்றைக்கு வரும் நல்ல ஃபோர்க்குகள் அந்தக் குழாய்க்குத்தான் செய்யப்படுகின்றன. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒல்லியாக இருந்தால், பின்னாளில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், அகலம் தெரியும்.

ஏழாவது படி: பிரேக்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற மலைப்பகுதியில் 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மவுண்டன் பைக் உருவான கதைகளில் முக்கியமானது அது. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சுமார் 400 மீட்டர் உயரம் இறங்கும் ஒரு பாதையில் 21 அக்டோபர் 1976 அன்று முதல் பந்தயம் வைத்தார்கள். அந்தப் பாதைக்குப் பெயர் ரீபேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய ஹப் பிரேக், ஒரு இறக்கம் முடிவதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த அடைக்கும் வேலைதான் பாதைக்கே பெயராகிவிட்டது. இறக்கத்தில் பிரேக் படும் பாடு அது.

அதனால் இங்கே சமரசம் வேண்டாம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கே எடுங்கள். கேபிள் டிஸ்க் பிரேக்கில் கம்பி துருப்பிடிக்கும், நீளும், இறக்கத்தில் நான்கு விரலையும் போட்டு இறுக்கி இறுக்கிக் கை மரத்துப்போகும். ஹைட்ராலிக்கில் ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியில் இருக்கும். முன்பக்க டிஸ்க் 180 மி.மீ., பின்னால் 160 மி.மீ. இருந்தால் நிறைவு. புது பிரேக்கை முதல் நாளே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சமதளத்தில் வேகம் எடுத்து, நிற்காமல் மெல்லக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படி இருபது தடவை செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்.

எட்டாவது படி: டயர், காற்று, முள்

நம் பாதைகளின் முதல் எதிரி முள்தான். வேலிகளில் சீமைக்கருவேலம், தரையில் நெருஞ்சி. நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். கண்மாய்க் கரையில் ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து டியூப்லெஸ்தான். டயருக்குள் டியூபுக்குப் பதில் சீலண்ட் என்ற திரவம் இருக்கும். முள் குத்தினால் அது கசிந்து உறைந்து ஓட்டையை அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். வாங்கும்போதே டியூப்லெஸ்ஸாக இருக்க வேண்டியதில்லை, ரிம் அதற்கு ஏற்றதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அகலம் 2.25 முதல் 2.4 அங்குலம். நடுவில் நெருக்கமான சின்னக் கட்டைகளும் ஓரத்தில் பெரிய கட்டைகளும் உள்ள டயர் தார் ரோட்டிலும் இழுக்காது, மண் வளைவிலும் பிடிக்கும். காற்று விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் பைக்குக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்துவிட்டு, வண்டி குதிக்கிறது என்பார்கள். 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் என்றால் முன்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ, பின்னால் 25 முதல் 27 போதும். டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடிபட்டு டியூப் கிழியும். உங்கள் வண்டியின் வால்வு ஒல்லியான பிரஸ்டா வகை என்றால், மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாய் அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கிறது, அதை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது படி: காசு

என் அனுபவத்தில், ஹைட்ராலிக் பிரேக், கேசட், சரியான அளவு மூன்றும் உள்ள புது ஹார்ட்டெயில் 35,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கத் தொடங்குகிறது. காற்று ஃபோர்க்கும் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் வேண்டுமென்றால் 60,000க்கு மேல். டெகாத்லானின் ராக்ரைடர், ட்ரெக் மார்லின் போன்ற வரிசைகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பாகங்கள் மாறும். பெயரை மட்டும் பார்க்காமல் மேலே சொன்ன பட்டியலை வைத்து ஒப்பிடுங்கள். மொத்தப் பணத்தில் ஏழில் ஒரு பங்கை ஹெல்மெட், கையுறை, பம்பு, ஒரு டியூப், பஞ்சர் சாமான், செயின் எண்ணெய்க்கு எடுத்து வையுங்கள். ஹெல்மெட் இல்லாமல் மண் பாதைக்குப் போகவே போகாதீர்கள்.

25,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால், புதிதைவிடப் பழைய நல்ல வண்டியைத் தேடுவேன். பிரேமில் வெல்டிங் செய்த இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஃபோர்க்கின் வழவழப்பான கால்களில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு அடி ஸ்கேலைக் கொண்டுபோய்ச் செயினை அளவெடுங்கள். ஒரு பின்னின் மையத்தில் சுழியத்தை வைத்தால், அதை விட்டு அடுத்ததிலிருந்து எண்ணி வரும் இருபத்து நான்காவது பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி விழுந்தால் புதுச் செயின் வேண்டும், எட்டில் ஒரு அங்குலம் தள்ளினால் கேசட்டும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

கடைசிப் படி: ஓட்டிப் பார்ப்பதும், முதல் மாதமும்

கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாங்கிவிடாதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழுத்தில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரியக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள், ரிம் அலையக் கூடாது. எல்லாக் கியரையும் மேலும் கீழும் மாற்றுங்கள். நடைபாதைத் திட்டு ஒன்றில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முடிந்தால் ஒரு மேடு தேடி மிக இலகுவான கியரில் ஏறுங்கள். முன் சக்கரம் தூக்கிக்கொண்டு போனால் பிரேம் உங்களுக்குக் குட்டை.

வாங்கிய பிறகு முதல் 100 கிலோமீட்டருக்குள் ஸ்போக் கம்பிகள் தளரும், கியர் கேபிள் நீளும், பெடல் கையின் போல்ட் இளகும். இது எல்லாப் புது வண்டிக்கும் நடப்பதுதான். இலவச சர்வீஸ் இருந்தால் அந்த நேரத்தில் கொண்டுபோய், சக்கரத்தை நிலைச்சட்டத்தில் மாட்டிக் கம்பிகளை இறுக்கித் தரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். மறுமுறை நீங்களே செய்துகொள்ளலாம்.